மஞ்சள் குடித்த மிசின்

கொதிக்கும் மஞ்சள் தண்ணீரின் மணமும் டீசல் மணமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறினால், நான் எங்கே நின்றாலும் மனம் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரமாக இருந்த எங்கள் சின்னக் குளத்தின் கரைக்கட்டில் போய் நிற்கும். அந்தக் கட்டின் சரிவில், முன் சில்லுகளுக்கு இரண்டு கல் அணை கொடுத்தபடி, சிவப்புப் பூச்சு வெயிலில் வெளிறிப்போன பழைய உழவு இயந்திரம் ஒன்று தலையைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது "மிசின்"தான்.

எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காடு வெட்டித் திருத்திய காணியை அப்பா முதல் சில வருடங்கள் ஒரு சோடி எருதுகளைக் கொண்டு உழுதார். அவற்றைக் கன்றாக வாங்கி, கஞ்சித் தண்ணீர் வைத்து, உண்ணி பிடுங்கி ஆளாக்கியது அம்மா. அப்படியிருக்க, ஓமந்தையில் நிறைய வயல் செய்த ஒரு கமக்காரர் புது மிசின் எடுத்துவிட்டார், பழையது வேலியோரம் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பா பார்க்கப் போனார். போனபோது அதன் இருக்கையில் ஒரு கோழி அடை கிடந்ததாம். மலையில் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய அப்பாவின் கண்ணுக்குக் கோழி தெரியவில்லை, எஞ்சின் மட்டுமே தெரிந்தது. எருதுகள் இரண்டையும் வண்டிலையும் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளப் பேசி முடித்துவிட்டார்.

கமக்காரரின் புது மிசின் பழையதைக் கயிறு கட்டி இழுத்து வந்து குளக்கட்டில் விட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது எங்கள் எருதுகளைப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"அதுக வைக்கலத் தின்னாலும் சாணி போட்டுச்சுங்க. இது என்னத்தப் போடும்?"

"பொக போடும் புள்ள," என்றார் அப்பா. அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு வருடத்துக்கு ஒரு விளைச்சல், மாரி மழையை நம்பிய காலபோகம். முதல் மழையில் மண் இளகிய பிறகு, அடைமழை பிடிப்பதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில் உழுது விதைத்துவிட வேண்டும். தவறினால் அந்த வருடம் வீட்டில் நெல் இல்லை. எருதுகளும் போய்விட்ட நிலையில், மிசின் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்ததாக அப்பாவைப் பார்த்தா.

அப்பா மிசினைக் கழற்றத் தொடங்கியதும் எங்கள் குசினி காலியாகத் தொடங்கியது. இரும்புத் துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவப் பெரிய சட்டி போனது. டீசல் தாங்கியில் ஒழுகிய இடத்தை அடைக்கச் சவுக்காரக் கட்டி போனது. தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டரில் ஊசித் துளைகள் இருந்தன. அதற்குள் மஞ்சள் தூளைப் போட்டால் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பக்கத்துக் காணிக்காரர் சின்னராசா அண்ணை சொல்ல, ஒரு போத்தல் மஞ்சளும் போனது. சின்னராசா அண்ணை அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய் ஓயாதவர். அம்மா வெறும் போத்தலைக் கையில் பிடித்தபடி இருவருக்கும் கேட்கச் சொன்னா:

"சவுக்காரம் போட்டுக் குளிக்க வாத்தாச்சு, மஞ்சளும் பூசியாச்சு. இனி ஒரு சீலையக் கட்டிவிட்டுச் சடங்கு வெச்சிருங்க."

"சடங்கெண்டால் நான்தான் தாய்மாமன் அக்கா," என்றார் சின்னராசா அண்ணை. அம்மா சிரிக்காமல் உள்ளே போனா. உள்ளே போய்ச் சிரித்ததை நான் பார்த்தேன்.

எஞ்சினைக் கிளப்பப் பற்றரி வாங்க வழியில்லை என்பதால்தான் மிசினுக்குக் குளக்கட்டில் இடம். கல்லை எடுத்துவிட்டால் சரிவில் தானாக உருளும். உருளும் வேகத்தில் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அப்பா ஏறி உட்கார, சின்னராசா அண்ணை கற்களை இழுத்தார். மிசின் உருண்டு, ஒரு தரம் இருமி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு "டுக்கு டுக்கு" என்று ஓடத் தொடங்கியது. நாங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினோம். அப்பா ஒரு மகாராசாவைப் போல வயலுக்குள் இறங்கினார்.

முதல் உழவுக்கு முன் ஏரைக் கிழக்கே பார்க்க நிறுத்தித் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். எருதுகளாக இருந்தால் நெற்றியில் பொட்டு வைப்போம். மிசினுக்கு மூக்கில் வைத்தோம். சூடம் எரிந்தது. அந்த இரைச்சலில் சாமி கும்பிடுவது அப்பாவுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

எல்லாரும் கண்களை மூடிக் கும்பிட்டோம். எங்கோ ஒரு செம்பகப் பறவை கத்தியது. அப்போது அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, இங்க ஏது பள்ளம்?"

அப்பா கண்களைத் திறந்தார். சுற்றிலும் தட்டையான வயல். குளக்கட்டு தூரத்தில் தெரிந்தது. கிழக்கே காட்டுக்கு மேலே வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

"சாமிக்குக் காது கேக்காதெண்டு நினைச்சனீரோ கருப்பையா?" என்று அப்பாவைக் கேட்டுத் தலையில் கை வைத்தார் சின்னராசா அண்ணை. பிறகு வரம்பில் ஏறி நின்று நீளமாக ஒரு கூப்பாடு போட்டார். கேட்ட காணிகளிலிருந்தெல்லாம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். கலப்பையைச் சங்கிலியால் தூக்கிக் கட்டிவிட்டு, முன்னால் சிலர் கயிற்றில் இழுக்க, பின்னால் மற்றவர்கள் தோள் கொடுக்க, அப்பா மேலே இருந்தார். மிசின் அசைந்தது, வேகம் வரவில்லை. மறுபடியும் தள்ளினார்கள். அதே கதை. அப்பாவைப் போலப் பாரமான, பலமான ஒருவர் மேலே இருந்து பயனில்லை என்று முடிவானது. நான் ஏறிப் பார்த்தேன், கால் எட்டவில்லை.

"அக்கா, நீங்கள் ஏறுங்கோ," என்றார் சின்னராசா அண்ணை. "நீங்கள் தள்ளி ஒரு பிரயோசனமும் இல்லை. காத்தடிச்சால் பறக்கிற ஆள்."

"நானா? இந்தப் பேய் மேலயா?"

ஒரு துளி மழை விழுந்தது. அம்மா வானத்தைப் பார்த்தா. சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு விறுவிறென்று ஏறி உட்கார்ந்தா.

"கிளச்ச எடக்காலால அமுக்கிக்க. விடுன்னா விடு!" என்று சொல்லிவிட்டு அப்பா தோளைக் கொடுத்தார். அத்தனை பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். "விடு!" அம்மா விட்டா. மிசின் குலுங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. முன்னால் கயிறு இழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு நாலா பக்கமும் பாய்ந்தார்கள்.

எப்படி ஓட வைப்பதென்று சொன்ன அப்பா, எப்படி நிற்க வைப்பதென்று சொல்லியிருக்கவில்லை. "நிப்பாட்டிப் போடாதேங்கோ அக்கா!" என்று ஊரே கத்தியது. அம்மா வயலைச் சுற்றினா. அப்பா பக்கத்தில் ஓடி, தாவி ஏறி, சங்கிலியை அவிழ்த்துக் கலப்பையை இறக்கிவிட்டு, "எறங்கு புள்ள, நான் புடிக்கிறேன்," என்றார்.

"அங்கிட்டுத் தள்ளுங்க. இப்பத்தான் கைக்கு வருது."

அந்த வயலின் முதல் உழவுச் சால் அம்மாவுடையது. அது நேராகப் போகவில்லை. பாதியில் வளைந்து, வரம்பைக் கிழித்துக்கொண்டு, சின்னராசா அண்ணையின் வயலுக்குள் ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு இருக்கை கிடைத்தது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி யார் தள்ளுவது என்பதால் நிறுத்தவே இல்லை. அம்மா கூடவே நடந்து சோற்றை உருட்டி உருட்டி அப்பாவின் வாயில் கொடுத்தா. எங்கள் வயல் முடிந்ததும், தள்ளியவர்கள் ஒவ்வொருவரும் "என்ரையிலயும் ரெண்டு சுத்து" என்று மறிக்க, இருட்டும் வரை மிசின் ஊர் முழுக்க உழுதுவிட்டுக் குளக்கட்டில் ஏறியது. இரண்டு நாட்களில் விதைத்து முடித்தோம். அதற்குப் பிறகு அடைமழை பிடித்தது.

கிழிந்த வரம்பைக் கட்ட அப்பா மண்வெட்டியோடு போனபோது சின்னராசா அண்ணை விடவில்லை. "அது கிடக்கட்டும். அக்கா வெட்டின வக்கடை. உங்கட தண்ணி அதால எனக்கு வரட்டும்," என்றார். எத்தனையோ போகங்கள் எங்கள் வயலில் நிறைந்த தண்ணீர் வக்கடையாகிவிட்ட அந்த உடைப்பு வழியாகத்தான் அவர் வயலுக்குப் பாய்ந்தது.

பின்னால் வந்த போர்க்கால இடப்பெயர்வுகளில் மிசின் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அப்பாவும் இல்லை, சின்னராசா அண்ணையும் இல்லை. இன்றைக்கு ரெலிபோனில் சொன்னால் வாடகை மிசின் வருகிறது. சாவியைத் திருப்பினால் ஓடுகிறது. உழுது முடியும்வரை வயலில் வேறு ஆளே இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது காணிகளை மட்டமாக்கி, வரம்புகளை நூல் பிடித்ததுபோல நேராகப் போட்டிருந்தார்கள். அம்மா வெட்டிய வக்கடை இருந்த இடத்தில் இப்போது புல் மூடிய கெட்டி வரம்பு. காலையில் வயல் பார்க்கப் போகும்போது அந்த இடம் வந்தால், தாண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், ஒரு காலை எட்டி வைத்துத்தான் தாண்டுகிறேன்.