நாலு தந்தியும் ஒரு நாத்தனாரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், மற்றொன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பதினெட்டு வருடங்களாகக் கால் வைத்திருப்பவரை அந்த வட்டாரமே ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. வயது நாற்பத்தாறு. காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை அடுத்தவர் உயிரைக் காப்பாற்றுகிறார். வாரத்தில் மூன்று மாலை ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், நாலே தந்தியில் அடிநாதம் எழுப்பும் பேஸ் கிட்டார் வாசிக்கிறார்.

குழுவில் நாலு பேர். டிரம்ஸ் அவருடைய கணவர். கீபோர்டு ஒரு கணக்கு வாத்தியார். பாடுவது கணவரின் தங்கை. அக்காவும் இந்த நாத்தனாரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருடங்கள் ஆகின்றன. சண்டை ஒரு வீட்டுச் சாமானால் வந்தது. மேசை விசிறி என்கிறார் அக்கா. இஸ்திரிப் பெட்டி என்கிறார் நாத்தனார். அதிலிருந்து எந்தச் செய்தியானாலும் டிரம்ஸ் வழியாகத்தான் போய் வருகிறது.

“அண்ணா, அந்தக் கிட்டார் கம்பியெல்லாம் துரு நாத்தம் அடிக்குதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு,” என்றார் நாத்தனார், இரண்டு மாதங்களுக்கு முன்பு. அப்போது அவருக்கும் அண்ணிக்கும் நடுவே இரண்டடி கூட இல்லை.

அக்காவின் கிட்டாரில் பன்னிரண்டு வருடங்களாக ஒரே தந்திகள்தான். பேஸ் வாசிப்பவர்களில் பலர் இப்படித்தான், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார்கள். ஆனால் நாத்தம் என்ற சொல் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே சத்தமான ஸ்டீல் தந்தியைக் கேட்டு வாங்கி மாட்டினார். பழையவை சுருண்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

“இனிமே நான் ஒருத்தி வாசிக்கிறது உங்க தங்கச்சிக்கு நல்லாத் தெரியும்,” என்றார் கணவரிடம்.

தங்கச்சிக்கு மட்டுமல்ல, கூடத்துக்கே தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் தகரத்தில் சுத்தியல் விழுந்தது. விரல் நகர்ந்தபோதெல்லாம் கிறீச்சென்றது. சாப்பிடுகிறவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை ஹோட்டல் மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பாத்திரம் கழுவுற இடத்துலருந்து சத்தம் வருதுன்னு ரெண்டு மாசமா அங்க போய்த் திட்டிட்டு இருந்தேன். இங்கேருந்துதான் வருதா? எனக்கு இந்த இடம் கொஞ்சம் கதகதப்பா இருக்கணும்மா.”

“கதகதப்பு வேணும்னா கம்பளி போர்த்திக்கலாமே சார்,” என்றார் அக்கா.

நாத்தனார் இதற்காகவே காத்திருந்தவர் போல மைக்கைக் கீழே இறக்கினார். “சார், பேஸை வாத்தியாரோட இடது கையே வாசிச்சிடும். மூணு பேர் போதும். மேடையும் சின்னது.”

வாத்தியார் தன் இடது கையை ஒருமுறை பார்த்தார், அது அவரைக் கேட்காமல் எங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டது போல.

மேனேஜர் முடிவாகச் சொன்னார்: வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி. முதலில் மூன்று பேர், பிறகு நாலு பேர். கேட்டுவிட்டு யார் இருப்பது என்று தீர்மானம்.

செவ்வாய்க்கிழமை கார் ஓட்ட வந்தவர்கள் பாடு திண்டாட்டம். குறுக்கே ஈ காக்கை இல்லாத தெருவில் நாலு முறை பிரேக் விழுந்தது. அந்த மூன்று மாலையும் போய்விட்டால் அக்காவுக்கு மிஞ்சுவது காரும் சமையலறையும்தான். அதைவிடக் கொடுமை, அந்த இடத்தைப் பறித்தது நாத்தனார் என்றிருப்பது.

புதன்கிழமை கடைக்குப் போனார். வாடிக்கையாளர்களைக் கண்டாலே ஆகாத கடைக்காரர் அவர். தந்திகளைத் தன் முதுகுக்குப் பின்னால்தான் மாட்டி வைத்திருப்பார்.

“போன தடவை ஊரைக் கூட்டுற மாதிரி வேணும்னீங்க.”

“இப்ப அடக்கமா வேணும்.”

“வீட்ல ஏதாவது துக்கமா?”

“இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை தெரியும்.”

கடைக்காரர் மூன்று உறைகளை எடுத்து மேசைமேல் போட்டார். “இது நிக்கல். ஸ்டீலைவிடச் சாந்தம். ஆனா கீச்சு முழுசாப் போகாது. இது மேல நைலான் சுத்தினது. மெத்துமெத்துன்னு இருக்கும், உங்களுக்கு ஆகாது. நீங்க தந்தியைக் கன்னத்துல அறையிற மாதிரி வாசிக்கிறவங்க.”

“எங்க பார்த்தீங்க?”

“என் மச்சான் கல்யாணத்துல. சாப்பாடு என்னன்னு மறந்துபோச்சு, உங்க கை மறக்கல.”

மூன்றாவது உறையைத் திறந்து அவரே ஒரு தந்தியை இழுத்துப் பிடித்தார். அக்காவின் ஸ்டீல் தந்தியில் நடுக்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி வரிந்திருக்கும், நகத்தால் தேய்த்தால் கர்ரென்று சத்தம் வரும். இதில் தட்டையான பட்டை சுற்றியிருந்தது. அக்கா நகத்தை ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை, கண்ணாடி மேல் போவது போல வழுக்கியது. இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டே வாங்கினார்.

“ஒரு விஷயம். நீளத்துக்கு வெட்டுறதுக்கு முன்னாடி...” என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

“வெட்டத் தெரியாமலா இருபது வருஷமா வாசிக்கிறேன்?”

“அப்ப சரி, தாயே,” என்று அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கார் வகுப்புக்கு லீவு. காலை ஏழு மணிக்குச் சமையலறை மேசைமேல் கிட்டார் மல்லாந்து கிடந்தது. மெல்லிய தந்திகள் மூன்றும் அப்படியே பொருந்தின. நாலாவது, எல்லாவற்றிலும் தடியானது, நீளம் அதிகம். அக்கா குறடால் நேராக ஒரு வெட்டு வெட்டிவிட்டு முறுக்கினார். வெட்டிய முனையில் பட்டைச் சுற்று தளர்ந்து நடுக்கம்பியின் மேல் வழுக்கியது. தட்டிப் பார்த்தால் நாதமே எழவில்லை. நனைந்த துணியைத் துவைகல்லில் அடித்தது போல ஒரு சத்தம்.

கணவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “முதல்ல செங்குத்தா மடக்கணுமாம், அப்புறம்தான் வெட்டணுமாம். மடக்கினாத்தான் சுத்து நழுவாதாம். படமே போட்டிருக்கு.”

“இப்பதான் படிக்கத் தோணுச்சா உங்களுக்கு?”

கடை திறப்பதே பதினொரு மணிக்கு. திறந்திருந்தாலும் அந்த ஆளின் முகத்தில் அக்கா விழித்திருக்க மாட்டார். கண் அலமாரிக்குப் போனது. பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய தடித்த தந்தியை எடுத்தார். அது உருண்டைச் சுற்றுதான். ஆனால் அதன் பள்ளங்களைப் பன்னிரண்டு வருட வியர்வையும் தூசியும் நிரப்பியிருந்தன. விரலை ஓட்டினால் கிட்டத்தட்ட புதுத் தந்தி போலவே வழுக்கியது.

“வெந்நீர்ல கொதிக்கவச்சுக் குடுக்கட்டுமா? அழுக்கெல்லாம் போயிடும்,” என்றார் கணவர்.

“கை வச்சுப் பாருங்க. உங்க டிரம்ஸ் குச்சி அடுப்புக்குள்ள இருக்கும். அந்த அழுக்குதாங்க எனக்கு வேணும்.”

ஒருமுறை மடங்கிய கம்பி, மறுபடி முறுக்கினால் அதே இடத்தில் அறுந்துபோகலாம். அக்கா முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினார். அறவில்லை.

பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்தது. முதலில் மூன்று பேர் வாசித்தார்கள். வாத்தியாரின் இடது கை ஒரு தப்பும் செய்யவில்லை. மேனேஜர் கைபேசியைப் பார்த்தபடி தலையாட்டினார். சுவரோரம் நின்றிருந்த அக்காவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

பிறகு நாலு பேர். அக்கா முதல் அடியை அடித்தார். தகரம் போயிருந்தது. பக்கத்து அறையில் கனமான மரக்கதவைப் பார்த்துச் சாத்தியது போல ஒரு நாதம் எழுந்து தரையோடு பரவியது. நாத்தனாருக்கு இயல்பிலேயே கட்டைக் குரல். ஸ்டீல் தந்தியோடு மல்லுக்கட்டி இரண்டு மாதங்களாக அவர் கத்திக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் இன்றும் கத்தித்தான் தொடங்கினார். இரண்டாவது வரியில் எதிர்க்க ஆளில்லை என்று தெரிந்தது. குரல் தானாக இறங்கியது. மைக்கை நெரித்துக்கொண்டிருந்த விரல்கள் தளர்ந்தன. மேனேஜர் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“பாடறவங்களுக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு இவ்வளவு நாளா தெரியலையே,” என்றார் முடிந்ததும். “நாலு பேரும் இருங்க. இதே மாதிரி வாசிக்கணும்.”

பாராட்டு முழுவதும் நாத்தனாருக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினார்.

நாத்தனார் மூக்கைச் சுளித்தார். “அண்ணா, மறுபடியும் துரு நாத்தம் வருது.”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“வந்துட்டுப் போகட்டும். அந்தக் கம்பியைக் கழட்ட வேணாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க,” என்றார் அக்கா, “ஸ்டீல் தந்தி நாலும் பிஸ்கட் டப்பாவுல பத்திரமா இருக்குன்னு.”

டப்பா இப்போது வாசிக்கும் மாலைகளில் எல்லாம் மேடைக்கு வருகிறது, அக்காவின் நாற்காலிக்குக் கீழே. கைதட்டல் வரட்டும் என்று நாத்தனார் கடைசி வரியை இழுக்கும்போது, அக்கா அதை வலது காலால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். பாட்டு உடனே நின்றுவிடும்.