முதல் வரியில் என்ன தப்பு?

என் நாத்தனார் கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்த சண்டைக்குக் காரணம் ஒரு நாரை.

பாகூர் ஏரிக்கரையில் நிற்குமே, அதே நாரைதான். கல்யாண ரவிக்கையின் முதுகில் ஊரே மயில் போட்டுக்கொள்கிறது, எனக்கு மயில் வேண்டாம், நம் ஏரி நாரைதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். "ஒத்தக் கால்ல நிக்கறத முதுவுல போட்டுக்கினு மணவறைல குந்துவியாடி?" என்று அத்தை, அதாவது என் மாமியார், தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணி போட்டுத் தரன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று அவள் என்னை நடுவில் இழுத்துவிட்டாள். சொல்லித்தான் இருந்தேன். எனக்கு இந்த வாயால்தான் எல்லா வினையும்.

நான் ரவிக்கை தைக்கிறவள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்துக்கு மருமகளாக வந்து, முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். "அவ்ளோ படிச்சிட்டு ஊக்கு வெச்சிக்கினு கிடக்குது" என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்வது என் காதிலும் விழும். என்னிடம் ஒரு எம்பிராய்டரி மெஷினும் உண்டு. நாமே வரைந்த படத்தை அது துணியில் தைத்துக் கொடுக்கும். ஆனால் படத்தை அப்படியே கொடுத்தால் அதற்கு விளங்காது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்கிற இலவச மென்பொருள் ஒன்று என் பழைய லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். படிக்கிற காலத்தில் போட்டது, இன்றுவரை ஒரு வைரஸ் வந்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டே இருப்பேன்.

அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது. ஒருநாள் அது புதுப் பதிப்புக்கு மாறலாமா என்று கேட்டது. இன்னின்ன மென்பொருள்கள் நீக்கப்படும், சம்மதமா என்று முழநீளத்துக்கு ஒரு பட்டியல் காட்டியது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, யார் உட்கார்ந்து படிப்பது? சம்மதம் என்று தட்டிவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் என் தையல் மென்பொருளைக் காணோம்.

லினக்ஸ் உலகத்தில் ஒவ்வொரு மென்பொருளையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பார். சம்பளம் கிடையாது. பதிப்பு மாற மாற அதற்குத் தக்கபடி திருத்தி, எல்லாரும் சுலபமாக நிறுவிக்கொள்ளும்படி ஒரு பேக்கேஜாகக் கட்டி வைப்பது அவர் வேலை. என் தையல் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் "இனி எனக்கு நேரமில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு எப்போதோ போய்விட்டார். லினக்ஸ்காரர்கள் அதை அநாதை என்று பட்டியலில் போட்டார்கள். நானாகச் சொல்லவில்லை, அவர்கள் எழுதியிருந்த வார்த்தையே அதுதான். எடுத்துக்கொள்ள ஆள் வராததால் கடைசியில் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். பழைய பேக்கேஜையே மறுபடி போட்டுப் பார்த்தேன். புது சிஸ்டம் அதை உள்ளேயே விடவில்லை. எந்த மாமியார் வீட்டிலும் இவ்வளவு கறார் கிடையாது.

கோபத்தில் அவர்களுக்கு ஒரு மெயில் எழுதினேன். யாரும் பார்க்க மாட்டீர்கள் என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன், இனி அது என் பொறுப்பு என்று. எங்கோ பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார். புதிதாக வருகிறவர்களின் வேலையைச் சரிபார்த்துச் சேர்த்துவிடுகிற அனுபவசாலி அவர். "நல்லது. அதில் நிறைய வேலை இருக்கிறது" என்பதுதான் முழுக் கடிதமும்.

விஷயம் அத்தை காதுக்கும் போனது. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள முடிச்சா உன் நாரை. இல்லன்னா சனிக்கிழம ஒம்போது மணி பஸ்ஸுல நானே டவுனுக்குப் போயி துணியக் குடுத்துட்டு வந்துடுவன். அங்க மயிலு ரெடியா வெச்சிருக்கான்." நாத்தனார் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கோ வேறு கவலை. நான் வந்தபின் இந்த வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம், வீட்டிலேயே தையல்காரி இருக்கும்போது துணி டவுனுக்குப் போனால், பிறகு பாகூரில் எவள் என்னிடம் கல்யாண ரவிக்கை கொடுப்பாள்?

உட்கார்ந்தேன். மற்றொருவர் எழுதிய நிரலைத் திருத்துவது வேறு தையல்காரர் தைத்ததைப் பிரிக்கிற மாதிரிதான். ஏன் இப்படித் தைத்தான், பாவி, என்று திட்டிக்கொண்டே பிரிப்போம். பிரித்தபின்தான், அட, இதற்காகத்தான் தைத்திருக்கிறான் என்று தெரியும். அப்படித் திட்டித் திட்டியே புதன்கிழமைக்குள் நிரல் முழுவதையும் சரிசெய்துவிட்டேன்.

ஒரே ஒரு கோப்புதான் பாக்கி. பேக்கேஜின் விவரக்கோப்பு. மென்பொருளின் பெயர், அதைப் பராமரிப்பவரின் பெயர், அதற்கு என்னென்ன துணை மென்பொருள்கள் வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் வரப்போகிறது. குளித்து, விளக்கேற்றி, நல்ல நேரம் பார்த்து, மங்களகரமாகத் தொடங்கி எழுதி முடித்தேன். பேக்கேஜைக் கட்டு என்று கட்டளை கொடுத்தேன்.

'பிழை. முதல் வரியின் வடிவம் புரியவில்லை' என்றது.

முதல் வரியில் மென்பொருளின் பெயர்தான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே பிழை. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினேன். அதே பிழை. வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "எங்க, காட்டு. மொத வரி... பேரு போட்டிருக்குது. சரியாத்தான இருக்குது? இன்னாவாம் அதுக்கு?" என்றார். நாத்தனார் வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். "முதல் வரி கரெக்ட்டா இருக்குது அண்ணி." அடுப்படியிலிருந்து, "சனிக்கிழம பஸ்ஸு ஒம்போதுக்கு" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

வியாழக்கிழமை காலை பனிநாட்டுக்காரருக்குக் கோப்பை அனுப்பி, உங்கள் கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதினேன். கொஞ்சம் சூடாகவே எழுதினேன்.

"முதல் வரியை நீக்குங்கள்" என்று பதில் வந்தது.

பெயரையே நீக்கச் சொல்கிறாரே, பெரியவர் சொல்கிறார், காரணம் இருக்கும் என்று நீக்கினேன். பிழை ஒன்றுக்கு இரண்டானது. எழுதினேன்: "நீக்கிவிட்டேன். இப்போது இன்னும் மோசம்."

"அது இரண்டாவது வரி. அதற்கு மேலே இருப்பதை நீக்குங்கள்."

"அதற்கு மேலே ஒன்றுமே இல்லை!" என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். மனதில் எழுதியதை இங்கே எழுத முடியாது.

அவர் ஒரு படம் அனுப்பினார். என் கோப்பின் படம். உச்சியில் சிவப்பு வட்டம் போட்டு, "இது என்ன?" என்று கேட்டிருந்தார்.

வட்டத்துக்குள் பிள்ளையார்சுழி. நட்டநடுவில், அழகாக, 'உ'.

அதைப் போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. அளவு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. மளிகைச் சீட்டில் உண்டு. பரீட்சைத் தாளில் போட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எங்களுக்கு அது வரிக்கணக்கிலேயே சேராது. அதைத் தாண்டித்தான் கண் படிக்கவே தொடங்கும். மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேர் கண்ணுக்கும் படவில்லை.

மானம் போக, விளக்கி எழுதினேன். எந்த வேலையும் தடையில்லாமல் முடிய வேண்டும் என்று தொடக்கத்தில் இதைப் போடுவது எங்கள் வழக்கம் என்று.

"புரிகிறது. ஆனால் உங்களுக்கு இருந்த ஒரே தடை அதுதான்" என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: "எடுக்க மனமில்லை என்றால், அதன் முன்னால் ஒரு # போடுங்கள். அப்படித் தொடங்கும் வரியைக் கருவி படிக்காது. யாருக்காக எழுதினீர்களோ அவர் எப்படியும் படிப்பார்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் கயிற்றுக்கட்டிலில் உருண்டார். அத்தையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. பிள்ளையார்சுழியால்தான் வேலை நின்றது என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியுமா?

நீக்கிய பெயரைத் திரும்ப எழுதி, 'உ'வுக்கு முன்னால் # போட்டேன். பேக்கேஜ் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மெஷின் ஓடியது. முதலில் கால், பிறகு வயிறு, வளைந்த கழுத்து என்று நாரை துணியில் எழுந்துவந்தது. அத்தை முறத்தோடு வந்து நின்றார். போனார், திரும்ப வந்தார். மூன்றாவது முறை வந்தபோது, "கண்ணுக்கு நூலு வேணாம்மா. செவப்புக் கல்லு ஒண்ணு வையி, லைட்டுல மின்னும்" என்றார். உடனே கல் டப்பாவைத் தேடி எடுத்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பஸ் போனது. அத்தை அதில் ஏறவில்லை. ரவிக்கையை உள்ளும் புறமும் திருப்பி, பிற்பாடு பிரித்துவிட உள்ளே துணி விட்டிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் லைனிங்கில் ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே மஞ்சள் நூலில், யார் கண்ணிலும் படாதபடி, சின்னதாக ஒரு 'உ' போட்டிருந்தேன்.

"இத இப்ப வந்து போட்டிருக்க பாரு" என்றார். "இத மொதல்லயே அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டிருந்தா உனுக்கு இவ்ளோ கஷ்டம் வந்திருக்குமா?"

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார்.

"தப்புதாங்கத்தை" என்றேன்.