ஏழு இடமும் ஒரே அணிக்கு

பேராசிரியர் தங்கராசு மறைந்த செய்தி எனக்குத் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சலில்தான் வந்தது. "நமது முன்னாள் செயற்குழு உறுப்பினர்" என்று கூசாமல் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் அவர் உட்கார்ந்தது ஒரே ஒரு கூட்டம். ஏன் என்று அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசமாட்டீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

இங்கே நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் ஐரோப்பியத் தேர்தல் முறைகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்தியவர் அவர். சாப்பாட்டு மேசையிலும் அந்தப் பேச்சை விடமாட்டார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை எனக்கு விளக்கினார். "ஜெர்மனியில அஞ்சு பர்சென்ட் வாங்காத கட்சிய பொதுவா உள்ள விடமாட்டான். ஹாலந்துல ஒரு பர்சென்ட் வாங்குனாக்கூட சீட் உண்டு. அயர்லாந்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போட்டு ஓட்டுப் போடோணும். முறை வேற வேறம்மா. தோத்தவனுக்கும் உள்ள ஒரு குரல் வேணும், அவ்வளவுதான்."

நம் சங்கத்திலோ பாதிக்குமேல் வாக்கு வாங்கிய அணிக்கே ஏழு இடமும். ஒவ்வொரு வருடமும் தோற்ற அணி எங்களுடையது. விழாவன்று நாற்காலி அடுக்க மட்டும் கூப்பிடுவார்கள். வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பிரிக்கலாம் என்று அவர் பொதுக்குழுவில் எழுந்து சொன்னார்.

"சார், இது என்ன பார்லிமென்டா? பொங்கலுக்கு ஹால் புக் பண்ற கமிட்டி சார்" என்றார் தலைவர். கூட்டமே சிரித்தது.

அடுத்த தேர்தலில், அவருடைய நல்ல பெயருக்காக, ஜெயிக்கும் அணியே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜெயித்ததும் அவர் முதல் கூட்டத்திலேயே விலகி, தன் இடத்தை எங்கள் அணிக்குக் கொடுக்கச் சொன்னார். தலைவர் தன் மைத்துனரை நியமித்தார்.

எங்கள் ஆட்கள் பிரிந்துபோய் இன்னொரு சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கேயும் அதே விதியைத்தான் எழுதிக்கொண்டார்கள். "இப்ப மட்டும் இனிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு பக்கமும் போவதை நிறுத்தினார். நானும்தான்.

போன ஞாயிறு இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில், வெவ்வேறு ஹாலில், அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தின. ஒன்றாக நடத்துங்கள் என்று அவர் மனைவி இரண்டு தலைவர்களிடமும் ஃபோனில் கெஞ்சியிருக்கிறார். இருவரும் மறுத்துவிட்டார்கள். வெஸ்ட் வின்ட்சரில் அவர்கள் வீட்டில் அன்று நான் அந்த அம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். "உசுரோட இருந்தப்ப அவர் சொன்னத ஒருத்தரும் கேக்கல கண்ணு. இப்ப ஆளுக்கொரு போட்டோ கேக்கறாங்க" என்றார்.

இரண்டு இடத்திலும் இரங்கல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாம். பேராசிரியர் என்னிடம் சொன்ன ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்: "ஏகமனதா பாஸ் ஆச்சுன்னு யாராவது சொன்னா, அந்த ரூம்ல யார் இல்லைன்னு பாரும்மா."

அன்று இரண்டு ஹாலிலும் அவர் மனைவி இல்லை.