குண்டானில் மிதந்த கீகேப்

அம்பத்தூரில் கழிவு பிளாஸ்டிக்கை அரைத்து விற்கும் பட்டறையில் எனக்கு வேலை. எது எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன் என்ற திமிர் உண்டு.

கம்ப்யூட்டர் கீபோர்டைத் துண்டு துண்டாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ளும் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். பட்டன் மேல் மாட்டும் மூடிதான் கீகேப். ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் விரல் பட்டுப் பட்டு வழுக்கைத் தலை மாதிரி மினுங்கும். பிபிடி என்றால் சொரசொரப்பு போகாது. என் மனைவியின் தம்பி ஆவடியில் ஒரே ஒரு மோல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துப் போட்ட பிபிடி கீகேப் அடித்தான். அச்சு செய்யப் பைக்கை விற்றிருந்தான். குழுவில் நல்ல ஆர்டர்.

நிஜமாகவே பிபிடிதானா என்று ஒருவன் கேட்டான். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். செய்பவன் என் மச்சான் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் சரக்கு வாங்கும்போது அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கடுப்பு வேறு. எங்களிடம் இருப்பது பழசு, அவனுக்கு வேண்டியது புதுசு. இருந்தும் கடுப்பு.

பட்டறையில் தொட்டித் தண்ணீரில் உப்பை நிறையக் கரைத்து, அரைத்த துண்டுகளைக் கொட்டுவோம். ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். வீட்டில் குண்டானில் அதையே செய்தேன். அவன் கொடுத்திருந்த கீகேப்பை ஒரு கை அள்ளிப் போட்டேன். பாதி மூழ்கியது, பாதி மிதந்தது. படம் எடுத்து, ‘கலப்படம்’ என்று குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் முக்கால்வாசி ஆர்டர் போய்விட்டது.

காலையில் குண்டானைக் கழுவ எடுத்த மனைவி, மிதந்த ஒன்றை விரலால் அமுக்கினாள். குமிழி விட்டு அடியில் போனது. மேலே வரவில்லை.

“உள்ள காத்து அடைச்சிகினு கீது,” என்றாள்.

கீகேப் கவிழ்த்த கிண்ணம் மாதிரி. பட்டறையில் அரைத்துப் போடுவோம், நான் முழுசாகப் போட்டிருக்கிறேன். மற்றதையும் அமுக்கினேன். எல்லாம் மூழ்கின. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பிளாஸ்டிக்.

தப்பு என்னுடையது, அவன் என் மச்சான் என்று இரண்டையும் குழுவில் எழுதினேன். ‘ஓ, மச்சானா’ என்று ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டான். அதற்குமேல் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

ஆவடிக்குப் போனேன். மிஷினில் பாட்டில் மூடி ஓடிக்கொண்டிருந்தது. கீகேப் அச்சைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான்.

“என்னையும் அந்த குண்டான்ல போட்ருக்கலாமே மாமா. முழுவி இருப்பேன், உன் சந்தேகம் தீந்துருக்கும்,” என்றான். மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, “அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லிக்க,” என்றான்.

நான் சொல்லவில்லை. குழுவில் எவனோ கதை கட்டிவிட்டான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். நேற்றும் சோறு போடும்போது, தம்பி பிழைப்பில் மண்ணைப் போட்டவன் விளங்கவே மாட்டான் என்று சாபம் விட்டாள். போட்டதையெல்லாம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.