கரிநாளில் பிறந்தவள்

ரோமாபுரியில் எங்கள் சுபுராத் தெருவில் கல்லிஸ்தேயைத் தெரியாதவர் கிடையாது. சீமாட்டி ஓப்பியாவுக்குத் தலைவாரிவிடும் அடிமை. ஒரு சுருள் பிசகினாலும் ஓப்பியா கொண்டை ஊசியால் அவள் கையில் குத்துவாள். கல்லிஸ்தேயின் முதல் பிள்ளையை, பால் மறந்ததுமே கப்புவா ஊர்க்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார்கள். அடிமை பெற்றது அடிமை. அதுதான் ரோமாபுரிச் சட்டம்.

மறுபடி உண்டானபோது ஓப்பியாவின் காலைப் பிடித்து அழுதாள். கல்லும் கரைந்தது. பிரசவத்துக்கு முன்பே நடுவரிடம் அழைத்துப்போய் விடுதலை செய்வதாக ஓப்பியா வாக்குக் கொடுத்தாள். அப்படியானால் பிள்ளையும் சுதந்திரமாகவே பிறக்கும்.

நான் மருத்துவச்சி. நிறைமாதத்தில் ஒரு நாள் காலை போனபோது அவள் வயிறு நன்றாக இறங்கியிருந்தது.

"அம்மா, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. தாங்காது," என்றேன் ஓப்பியாவிடம்.

"மாச நடுவுல வர்ற ஐடஸுக்கு மறுநாள்டி இது! கரிநாள்ல எவளாவது நல்ல காரியத்துக்கு வாசப்படி தாண்டுவாளா? நாளைக்குப் போகலாம். ஒரு நாள்ல குடி முழுகிடாது."

முழுகித்தான் போனது. மதியமே வலி கண்டது. கல்லிஸ்தே கால்களை இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்க்கா. ஏதாவது பண்ணுக்கா."

"பைத்தியக்காரி, மூச்சு முட்டிச் செத்துடும்டி. விடு!"

"செத்தா யாரும் விக்க முடியாதுல்ல?"

பிறகு அவளே கால்களைத் தளர்த்தினாள். பெண் குழந்தை. மூக்கும் முழியுமாக இருந்தது. அதைக் கையில் ஏந்தி நான்தான் முதலில் அழுதேன்.

மறுநாள் ஓப்பியா சொன்ன சொல் தவறவில்லை. பச்சை உடம்புக்காரியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போனாள். நடுவரின் சேவகன் கோலால் தலையைத் தொட்டான். தாய் சுதந்திரமானாள், தொட்டிலில் கிடந்தது ஓப்பியாவின் சொத்து.

"இனிமே மகாராணி எங்க வேணா போகலாமே," என்று கீரைக்காரி சீண்டினாள்.

"மாரைக் கழட்டி இங்க வெச்சிட்டா போறது?" என்றாள் கல்லிஸ்தே.

எங்கும் போகவில்லை. அதே வீட்டில், அதே சீப்போடு, அதே ஊசிக்குத்தோடு இருந்துவிட்டாள். மகள் தலையை மட்டும் ஆசைதீர வாரினாள்.

சில வருஷம் கழித்து ஓப்பியாவின் மகளுக்கு ஆப்பிரிக்காவில் மாப்பிள்ளை அமைந்தது. சீரோடு சீராக கல்லிஸ்தேயின் மகளையும் அனுப்பினார்கள். ஓஸ்தியா துறைமுகம்வரை வண்டியின் பின்னால் கல்லிஸ்தே நடந்தே போனாள், நானும் போனேன். சுதந்திரமானவளை யார் தடுப்பது? கப்பலில் அவளுக்கு இடமில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

நல்ல நாள் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.