தூணிடம் சொல்லிக்கொண்டு போனவர்கள்

1. சொல்லக் கூடாத ஆறுதல்

சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு சிகிச்சை இல்லம். ஓசிடியும் (ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே சடங்கைச் செய்ய வைக்கிற நோய்) பதற்ற நோயும் உள்ளவர்கள் வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே நர்சிங் இன்சார்ஜாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். அதற்கு முன் சர்ஜரி வார்டு. ஊசி, டிரிப், டிரஸ்ஸிங் என்று கைக்கு வேலை இருந்தால்தான் எனக்குச் சம்பளம் செரிக்கும். இங்கே சேர்ந்த முதல் நாளே டாக்டர் என் வாயைக் கட்டிப்போட்டார்.

“சிஸ்டர், இங்க முக்கியமான ரூல் ஒண்ணுதான். ‘ஒண்ணும் ஆகாது’ன்னு பேஷண்ட் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“பயந்து அழுதா வேற என்ன சார் சொல்றது?”

“‘ஆகலாம், ஆகாமலும் போகலாம், எனக்குத் தெரியாது.’ அதைச் சொல்லிட்டுப் பக்கத்துல உக்காருங்க.”

இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது. ஓசிடிக்காரர்களுக்கு ஆறுதல் என்பது சொறிவது மாதிரி. சொறிகிற நேரம் சுகம், பிறகு அரிப்பு இன்னும் அகலமாகும். அதனால் அவர்கள் பயப்படுகிற காரியத்தை, அவர்கள் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைப்போம். அதற்கு எக்ஸ்போஷர் என்று பெயர். பயத்தை ஆற்ற அவர்கள் செய்யும் சடங்கை மட்டும் செய்ய விடமாட்டோம். பயம் ஏறி, தானாக இறங்கும் வரை கூட இருப்பதுதான் எங்கள் உத்தியோகம்.

தோல் உரியக் கை கழுவுகிறவர்கள் வந்தார்கள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர்களும் வந்தார்கள். பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் அது ஒரு நோய் என்று வீட்டார் கண்டுபிடிப்பதற்கே காலம் பிடிக்கும். இவர்கள் யாரைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. பாக்கியம் வந்த பிறகுதான் பயந்தேன்.

2. பாக்கியம்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். வாய் ஓயாத, சிரித்த முகம். பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். பல வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி ஒருநாள் ஏதோ கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தது பிணம். அன்று முதல் யார் வீட்டை விட்டுப் போனாலும், வாசலில் நின்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்து “போயிட்டு வாரேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அவர்கள் செத்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. பின்னாலேயே ஓடுவாள். பஸ்ஸை மறித்திருக்கிறாள்.

அவள் மகள் கவிதாவுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. அம்மா பாதி வழியில் கூப்பிட்டுக் கூப்பிட்டே பிளஸ் டூவில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாத பெண் அது. அப்படியும் நல்ல மார்க். காலேஜ் திறப்பதற்குள் பாக்கியம் தேறவில்லை என்றால் சீட் போய்விடும்.

“என்னயக் குணப்படுத்தலைன்னாலும் பரவாயில்ல சிஸ்டர். எம் புள்ளய என்கிட்ட இருந்து காப்பாத்தி விடுங்க” என்றாள் சேர்ந்த அன்றைக்கே. இவளை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று அப்போதே எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

3. வெறும் தூண்

இல்லத்தின் வராண்டாவில் கேட்டைப் பார்த்தாற்போல் ஒரு தூண் உண்டு. டூட்டி மாறும் நேரமெல்லாம் பாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போகிறவர்கள் கேட்டில் திரும்பி, “வாரேன் பாக்கியம்” என்பார்கள். நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் எவன்தான் வெறுமனே “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறான்? நல்ல வார்த்தைதானே என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் பாக்கியத்துக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுப் பின்கட்டு அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மாடியில் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். கீழே காலை டூட்டி ஆட்கள் கிளம்பினார்கள். சமையல்காரம்மா கேட்டில் நின்றார், திரும்பினார், தூணைப் பார்த்து “வாரேன்” என்றார். பிறகு நர்ஸ் பிள்ளை. அவளும் அதேபோல். வராண்டாவில் ஒரு ஈ, காக்கா இல்லை. துணியை உதறிய என் கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு காஸ் சிலிண்டர் போட வந்த ஆள் கிளம்பினான். அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறான். பாக்கியம் என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவனும் கேட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தி, திரும்பி, அந்தத் தூணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இன்று வரை அதற்கு எனக்கு விளக்கம் கிடையாது. டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“நோய் அவங்ககிட்ட இருந்து இறங்கி நம்ம பில்டிங்ல குடியேறிடுச்சு சிஸ்டர்” என்றார். “நாளையிலிருந்து யாரும் திரும்பக் கூடாது. சொல்லிக்கவும் கூடாது. பாக்கியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பாக்கியம் நடுங்கிக்கொண்டே சம்மதித்தாள். முதலில் போக வேண்டியவர் வாட்ச்மேன் கருப்பையா. அவள் தூணருகில் நிற்க, நான் பக்கத்தில் நிற்க, அவர் திரும்பாமல் சைக்கிளில் போனார். தென்னந்தோப்பு வளைவில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. எங்கள் கண் முன்னாலேயே விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

பாக்கியம் கத்தவில்லை, ஓடவில்லை. ரொம்ப நிதானமாக, “நாந்தேன் சொன்னேன்ல சிஸ்டர்” என்றாள்.

4. பிடரி

கையில் கட்டோடு வந்த கருப்பையா, “வேலயே போனாலும் சரி சிஸ்டர், நான் திரும்பித்தேன் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் டாக்டர் கண்ணில் படாமல் திரும்பினார்கள். டாக்டர் மட்டும் அன்று மாலை திரும்பாமல் போனார். ஆனால் கேட்டில் அவர் காரின் பிரேக் லைட் சிவப்பாக எரிந்து, கொஞ்ச நேரம் அணையாமல் நின்றது. கண்ணாடியில் பார்த்தாரா என்று நான் அவரைக் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் திரும்பாமல் போக வேண்டியது நான். கேட்டுக்கும் வளைவுக்கும் இடையில் இருக்கும் தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. பிடரியில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. காக்கா கூடக் கத்தவில்லை. ஒரே ஒருமுறை திரும்பினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று என் உடம்பே சொன்னது. அப்போதுதான் பாக்கியம் தினமும் எதோடு மல்லுக்கட்டுகிறாள் என்று எனக்கு உறைத்தது. திரும்பாமலே போய்ப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் பாக்கியம் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“வந்துட்டீகளா?”

“வந்துட்டேன். நாளைக்கு வருவேனான்னு தெரியாது.”

அவள் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பாமல் போகத் தொடங்கினார்கள். கருப்பையாதான் கடைசி.

5. கோயம்புத்தூர் பஸ்

காலேஜ் திறக்கிற நாள் வந்தது. கவிதா அப்பாவோடு காலையிலேயே பையும் பெட்டியுமாக வந்தாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போய் நின்றார். அந்தப் பெண் என்னிடம் மெதுவாக, “சிஸ்டர், வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் திரும்பாமப் போனதே இல்ல. எனக்கும் பயமா இருக்கு” என்றாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த ‘ஒண்ணும் ஆகாது’. விழுங்கினேன்.

கவிதா நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் தோள்பை நழுவி விழுந்தது. குனிந்தாள். முகம் பாதி இந்தப் பக்கம் வந்தது. பாக்கியம் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டுவிடாமல் இருக்க. கவிதா பையை மாட்டிக்கொண்டு, திரும்பாமல் வளைவில் மறைந்தாள்.

பாக்கியம் தூணோடு சரிந்து உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் கேட்டாள். “போய்ச் சேந்திருப்பாளா சிஸ்டர்?”

என் பாக்கெட்டில் போன் இருந்தது. ‘ஹாஸ்டல்ல விட்டாச்சு’ என்று அவள் புருஷன் செய்தி அனுப்பியிருந்தார். எந்தச் செய்தி வந்தாலும் இரவுக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று பாக்கியமே முன்கூட்டிக் கேட்டு வைத்திருந்தாள்.

“தெரியாது பாக்கியம்.”

“ஏதாச்சும் ஆயிருக்குமோ?”

“ஆயிருக்கலாம்.”

அவள் அழுதாள், வேர்த்தாள், என் கையை நகம் பதியப் பிடித்தாள். பொழுது சாய்கிற நேரம் பிடி தளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்ததும், “என்னா சிஸ்டர், வெஞ்சனத்துல உப்பே இல்ல” என்றாள். மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டாள். அந்த உப்பில்லாத பொரியலை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வரும்.

6. நான் கற்றுக்கொண்டது

இந்த வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ‘ஒண்ணும் ஆகாது’ என்று நாம் சொல்வது பாதி நேரம் நம் பயத்தை அடக்கிக்கொள்வதற்குத்தான். யாருக்கும் எதுவும் ஆகலாம். அது தெரிந்தே ஒருவரை அனுப்பி வைக்கப் பழக வேண்டும்.

சொல்வது சுலபம். பாக்கியம் வீட்டுக்குப் போன அன்று எல்லோரும் வராண்டாவில் நின்றோம். பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தாள். கேட்டில் நிற்கவில்லை. திரும்பவில்லை. வெயிலில் அவள் முதுகு சின்னதாகி, வளைவில் மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னால் தட்ட முடியவில்லை. என் கை அந்தத் தூணைப் பிடித்திருந்தது, அவள் பிடித்துப் பிடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்துபோன அதே இடத்தில். அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க அன்று முழுக்கப் போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

கூப்பிடவில்லை.