ஏழாம் நம்பர் மலையில் ராஜா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா நெட்டையானவர். காக்கி அரைக் களிசான், முழங்கால்வரை மேஸ் காலுறை, கழுத்தில் மப்ளர். மாலையில் அந்த மப்ளரால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சதுரங்கம் ஆடுவார். ஞாபகசக்திக்குப் பயிற்சியாம். கிளாக்கரான நான் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்லும் காயையும் நகர்த்தி, என் ஆட்டத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கட்டங்களை நினைவில் வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேயிலை மலையின் நம்பரைக் கொடுத்திருந்தார். எங்கள் மலைகள் போதாமல் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் அவருடைய ராஜா ஏழாம் நம்பரில் மாட்டிக்கொண்டிருக்கும்போது இருட்டிவிட்டது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினோம். மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், கொழுந்தெடுக்கும் பெண்கள் முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் ஏழாம் நம்பருக்குப் போங்க."

"நேத்துத்தானுங்களே அங்க எடுத்தோம்?" என்றாள் ஒருத்தி.

"தெரியும் தாயி. அங்க ஆளில்லாட்டி ராஜா செத்துருவாரு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மலையேறினார்கள். சற்று நேரத்தில்தான் ஐயாவுக்கு உறைத்தது. துரை சுற்றி வருவதற்குள் மூச்சிரைக்க ஓடி, எல்லாரையும் வேறு மலைக்குக் கிளப்பிவிட்டார்.

அன்று மாலை கண்ணைக் கட்டியதுமே, "நான் தோத்துட்டேன் கிளாக்கரே" என்றார்.

"என்னங்க இது? ராஜா தப்பிக்க வழி இருக்குங்க!"

"ஏது வழி? காவலுக்கு வச்ச ஆளுங்கள நான்தானே கெளப்பிட்டு வந்தேன்!"

அவரை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.